வந்தவையும் வாழ்ந்தவையும்: கவுண்ட் லாஷரின் மெண்டோ பாடல்களில் வட்டாரத்தன்மை

முன்னுரை

நாட்டுப்புறப் பாடல்களில் வட்டாரத்தன்மையைத் தேடும் ஆய்வுகள் பெரும்பாலும் அம்மண்ணுக்கு உரிய மரம், விலங்கு, உணவு, வழக்காறு ஆகியவற்றைத் தொகுத்துக் காட்டுவதோடு நிறைவடைகின்றன. ஓரிடத்தில் தோன்றியதே அவ்விடத்துக்கு உரியது என்னும் முன்முடிவு இம்முறையில் மறைந்து நிற்கின்றது. கரீபியன் கடலிலுள்ள ஜமைக்காத் தீவின் மெண்டோ பாடல்களுக்கு இவ்வளவுகோலைப் பொருத்தினால், உள்ளூர்ப் பொருள் என்று சுட்டத்தக்கவை மிகச் சிலவே எஞ்சும். ஆயினும் அப்பாடல்கள் ஜமைக்காவுக்கே உரியவை என்பதில் ஐயமில்லை. இம்முரண்பாட்டை, கவுண்ட் லாஷர் என்னும் பெயரில் பாடிய தெரன்ஸ் பெர்க்கின்சின் பாடல்கள் தெளிவுபடுத்துகின்றன.

மெண்டோ மரபு

மெண்டோ ஜமைக்காவின் ஊர்ப்புறங்களில் வளர்ந்த ஆடலிசை. கிட்டார், பான்ஜோ ஆகிய நரம்புக் கருவிகளும், பாடுவோரோ பிறரோ அமர்ந்து வாசிக்கும் ரும்பா பெட்டியும் இதன் அடிப்படைக் கருவிகள். பெரிய மரப்பெட்டியில் உலோகத் தகடுகளைப் பொருத்தி விரல்களால் மீட்டப்படும் ரும்பா பெட்டி தாழ்ந்த சுரங்களைத் தரும். இது கியூபாவின் மரிம்புலா என்னும் கருவிக்கு உறவுடையது. இரண்டின் வேரும் ஆப்பிரிக்காவில் உள்ளது.

1951 அளவில் கிங்ஸ்டன் நகர வணிகர் ஸ்டான்லி மோட்டா சிறிய ஒலிப்பதிவுக் கூடம் அமைத்த பின்னர் மெண்டோ இசைத்தட்டுகள் பெருகின. 1950களில் மிகுதியாக ஒலிப்பதிவு செய்த மெண்டோ பாடகர்களுள் லாஷரும் ஒருவர். அக்கால இசைத்தட்டுகள் பலவற்றில் மெண்டோ என்னும் பெயர் இடம்பெறவில்லை. டிரினிடாட் தீவின் கலிப்சோ என்னும் பெயரே அச்சிடப்பட்டது. சுற்றுலாப் பயணியர் அறிந்த பெயர் அதுவே. 1956இல் ஹாரி பெலஃபான்ட்டே வெளியிட்ட 'கலிப்சோ' என்னும் இசைத்தட்டில் ஜமைக்காவின் நாட்டுப்பாடல்கள் இடம்பெற்றதால் இப்பெயர்க் குழப்பம் உலகெங்கும் நிலைபெற்றது. பிரபுக்களின் பட்டத்தைப் புனைபெயராகச் சூடும் வழக்கமும் கலிப்சோ பாடகர்களிடம் வேரூன்றியதே. லாஷர் பாடிய 'கலிப்சோ சா சா சா' என்னும் பாடலின் தலைப்பில் டிரினிடாட்டின் இசையும் கியூபாவின் ஆடலும் உள்ளன, மெண்டோ இல்லை. பெயர்களை மட்டும் நோக்குவோர்க்கு இவர் தம் மண்ணை மறந்த பாடகராகவே தோன்றுவார்.

மாம்பழக் காலம்

லாஷர் பாடிய 'மேங்கோ டைம்' நாட்டுப்பாடல் மரபிலிருந்து வந்தது. மாம்பழம் பழுத்துக் குலுங்கும் நாள்களில் தேநீரும் குளம்பியும் வேண்டா, சமையற் பானையைக் கவிழ்த்து வைக்கலாம் என்பது அம்மரபின் மையக் கருத்து. மேலோட்டமாக நோக்கின் இது மகிழ்ச்சிப் பாடலே. எனினும், பானையைக் கவிழ்க்கும் செயல் ஏனைய மாதங்களில் அப்பானையை நிரப்பும் கவலையையும் உணர்த்துகின்றது. வால்டர் ஜெக்கில் 1907இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள 'லின்ஸ்டெட் மார்க்கெட்' என்னும் பாடலில், ஆக்கிக் காய்களைச் சந்தைக்குச் சுமந்து சென்ற தாய் எதுவும் விற்காமல் பிள்ளைகளின் பசியை எண்ணிக் கலங்குகிறாள். சந்தை கைவிட்டதை அப்பாடல் பாடுகின்றது. மரம் கைவிடாததை இப்பாடல் பாடுகின்றது. இரண்டையும் இணைத்து நோக்கும்போதே மாம்பழக் காலத்தின் மகிழ்ச்சி எத்தகைய வாழ்க்கையிலிருந்து எழுந்தது என்பது விளங்கும்.

இம்மாமரம் ஜமைக்காவில் தோன்றியதன்று. 1782இல் ஆங்கிலேயக் கடற்படை கைப்பற்றிய பிரெஞ்சுக் கப்பலிலிருந்த கன்றுகளே அங்கு முதலில் நடப்பட்டன. கன்றுகளுக்கு இடப்பட்ட எண்ணே பின்னர் 'நம்பர் இலெவன்' என்னும் மாம்பழ வகையின் பெயராயிற்று. 'பாம்பே', 'ஈஸ்ட் இந்தியன்' என்னும் வகைப் பெயர்கள் இந்தியத் தொடர்பை இன்றும் தாங்கி நிற்கின்றன. ஜமைக்காவின் தேசியப் பழமான ஆக்கியும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே.

கீரியின் கதை

லாஷரின் 'ஸ்லைட் மங்கூஸ்' என்னும் பாடலின் நாயகனான கீரியும் வந்தேறியே. கரும்புத் தோட்டங்களில் எலிகளை ஒழிக்கும் பொருட்டு, 1872இல் எஸ்பூட் என்னும் தோட்ட உரிமையாளர் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்தார். அவை பெருகி எலிகளோடு பறவைகளையும் வீட்டுக் கோழிகளையும் உண்ணத் தலைப்பட்டன. முதலாளி தம் கரும்பைக் காக்கக் கொணர்ந்த விலங்கு ஏழையின் கோழிக்குப் பகையாயிற்று.

இப்பாடலின் ஜமைக்கா வழக்கொன்றில், கீரி பெட்வர்டின் அடுக்களையில் புகுந்து கோழியைத் திருடிச் செல்கின்றது. அலெக்சாண்டர் பெட்வர்ட், கிங்ஸ்டனை அடுத்த ஆகஸ்ட் டவுனில் ஏழை மக்களைத் திரட்டிய சமயத் தலைவர். 1921இல் கைது செய்யப்பட்டு மனநல விடுதியில் அடைக்கப்பட்ட அவர் 1930இல் மறைந்தார். திருடனாகிய கீரியை இப்பாடல் மரபு வெறுக்கவில்லை. அதன் தந்திரத்தைச் சுவைக்கின்றது. தோட்டத்தில் வலியோரை வலிமையால் வெல்ல இயலாத மக்கள், நழுவித் தப்பும் உயிரிடம் தம் சாயலைக் கண்டனர் எனலாம். கல்கத்தாக் கீரி ஜமைக்காக் கீரியாக மாறியது இவ்விடத்திலேயே.

பாடல்களின் எல்லை

லாஷரின் பாடல்கள் அனைத்தும் இத்தகு ஆழம் உடையன அல்ல. 'வாட்டர் த கார்டன்' போன்றவற்றில் இரட்டுற மொழிதலே முதன்மை பெறுகின்றது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் தொழில் காமக் குறிப்புக்குத் திரையாகின்றது. நகைச்சுவையில் குறைவில்லை எனினும், இவ்வுவமையை எந்நாட்டுப் பாடகரும் கையாளலாம். திரையாக நிற்கும் முதற்பொருளுக்குத் தன் வரலாறு இல்லாதபோது பாடல் நகைப்போடு முடிந்துவிடுகின்றது. மாம்பழமும் கீரியும் அவ்வாறு திரையாக நின்றொழியவில்லை. தம் வாழ்வோடு வந்து அமைகின்றன.

நிறைவாக

மாமரத்தையும் கீரியையும் போலவே ஜமைக்காவின் பெரும்பான்மை மக்களும் கப்பலில் கொணரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 1838இல் முழு விடுதலை பெறும்வரை அவர்தம் முன்னோர் அடிமைகளாக இருந்தனர். 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் அங்குச் சென்றனர். தோற்றமே உரிமைக்குச் சான்று எனில் இம்மக்களுக்கு அத்தீவில் ஊர் இல்லை; பாடலும் இல்லை. ஒரு பொருளோடு மக்கள் எவ்வளவு காலம் பசித்தனர், உண்டனர், இழந்தனர், நகைத்தனர் என்பதே வட்டாரத்தன்மையின் அளவுகோலாதல் வேண்டும். லாஷரின் சிறந்த பாடல்கள் அவ்வளவுகோலில் தேறுகின்றன. இசைத்தட்டின் மேல் அச்சான அயற்பெயரால் அவற்றின் ஊர் மாறிவிடவில்லை.