அம்பாசிடருக்கு எதற்கு ஒப்பாரி?

மதுரையில் பழைய வாடகைக் கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பெரும்பாலும் ஒப்பாரியில்தான் போய் முடிகிறது. "அது நம்ம வண்டிங்க. கல்யாணமோ கருமாதியோ, வீடே ஏறி உட்காரும். வெளிநாட்டுக்காரன் வந்தான், அம்பாசிடரைக் கொன்னுட்டான்." இதில் உண்மையும் இருக்கிறது, பொய்யும் இருக்கிறது. இரண்டும் கலந்து கிடப்பதால்தான் ஒப்பாரி ஓயாமல் நடக்கிறது.

முதலில் "நம்ம வண்டி" என்பதை எடுத்துக்கொள்வோம். அம்பாசிடர் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில், மதுரையிலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, 1950-களின் கடைசியிலிருந்து தயாரானது. அதன் உருவம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காருடையது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர்கள் மாறின. முன்கிரில்லும் விளக்கும் டேஷ்போர்டும் மாறின. டீசல் என்ஜின் வந்தது, 1990-களில் இசுசு என்ஜினும் வந்தது. உடம்பு மட்டும் கடைசிவரை அதேதான். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே சட்டையைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டதைச் சிக்கனம் என்று சிலர் புகழ்கிறார்கள். எனக்கு அது சோம்பலாகத்தான் படுகிறது.

தமிழ்நாட்டிலேயே உருவான பெரிய குடும்பக் கார் என்று தேடினால் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸிடம்தான் போக வேண்டும். 1948-இல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென், ஹெரால்டு, கெஸல் எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. 1985-இல் அது இறக்கிய ஸ்டாண்டர்டு 2000-ஐப் பற்றி இன்று யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. ஆனால் இந்த வழக்கில் முதல் சாட்சி அதுதான். ரோவர் எஸ்டி-1 என்ற அழகான ஆங்கிலேயக் காரின் உடம்பை வாங்கி, அதற்குள் வான்கார்டு காலத்து இரண்டு லிட்டர் என்ஜினைப் பொருத்தினார்கள். விலை எட்டாத உயரத்தில், ஓட்டமோ சுமார். மூன்றே ஆண்டுகளில் கார் உற்பத்தி நின்றுபோனது. இதே காலத்தில், 1984-இல், அம்பாசிடர் கம்பெனியும் இங்கிலாந்தின் பழைய வாக்ஸால் காரின் உடம்பை வாங்கிவந்து கான்டெஸா என்று பெயர் வைத்து, அதில் அம்பாசிடரின் என்ஜினைப் போட்டது. இரண்டு கம்பெனிகள், ஒரே சமயத்தில், ஒரே தப்பு. தற்செயலாக இப்படி நடக்காது.

காரணம் பழையது. 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, இங்கேயே கார் உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு அரசு கதவைச் சாத்தியது. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் அடுத்த ஆண்டே மூட்டை கட்டின. மிஞ்சியவை மூன்று: உத்தர்பாராவின் அம்பாசிடர், பம்பாயின் பியட், சென்னையின் ஸ்டாண்டர்டு. வாங்குபவர்தான் முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். செய்வதெல்லாம் விற்றுவிடும் என்ற நிலையில் புதுக் கார் வரைய எந்த முதலாளிக்கு மனசு வரும்? இங்கே கம்பெனிகளுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். உற்பத்தியைப் பெருக்க லைசென்ஸ் கிடைக்கவில்லை, எந்திரம் வாங்க அந்நியச் செலாவணி கிடைக்கவில்லை, கொஞ்ச காலம் விலையையே அரசு நிர்ணயித்தது. ஆனால் 1980-களில் பிடி தளர்ந்தபோது கிடைத்த முதல் வாய்ப்பிலும் பழைய அச்சைத்தானே வாங்கினார்கள்?

மதுரைக்கும் மோட்டார் தொழிலுக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் இங்கே போட்ட அஸ்திவாரத்திலிருந்துதான் மேலவெளி வீதியின் டிவிஎஸ் வளர்ந்தது. பஸ் ஓட்டினார்கள், லாரி விற்றார்கள், உதிரிபாகமும் ரப்பரும் செய்தார்கள். முழுக் கார் மட்டும் இந்த ஊரில் பிறக்கவில்லை. ஆகவே "உள்ளூர்க் கார்" என்று மதுரைக்காரர் சொல்லும்போது அதை உள்ளூர்ப் பட்டறை என்று திருத்திக்கொள்வதே சரி. அந்த இடத்தில் மட்டும் ஒப்பாரிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ வழியில் வண்டி நின்றால், ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் சணலும் உள்ள மெக்கானிக் போதும். டிங்கரிங், பெயின்டிங், லேத், ஸ்பிரிங் பட்டறை என்று ஒரு வண்டியைச் சுற்றி நான்கைந்து தொழில் பிழைத்தன. இன்றைய கார் ஸ்கேனர் இல்லாமல் வாய் திறப்பதில்லை.

"பெரிய வண்டி" என்ற பெருமையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அம்பாசிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர், பின்னால் வந்த இன்னோவா அதைவிட நீளம். அம்பாசிடரைப் பெரிதாக்கியது உள்ளே இருந்த இருக்கை. கியர் ஸ்டீயரிங்கோடு ஒட்டியிருந்ததால் முன்னால் ஒரே நீளப் பலகை இருக்கை. டிரைவரோடு முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர், மடியில் பிள்ளைகள். சட்டப்படி டிரைவர் நீங்கலாக நான்கு பேர்தான் என்பதை ஆளேற்றும்போது யாரும் நினைத்ததில்லை. கூரை உயரம், இருக்கையும் உயரம். மடிசாரும் வேட்டியுமாக வரும் பெரியவர்கள் குனியாமல் ஏறலாம், முழங்கால் வலிக்காமல் இறங்கலாம். இதை வேறெந்தக் காரும் இவ்வளவு இயல்பாகத் தந்ததில்லை.

ஆனால் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலையேறுவது வேறு கதை. ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். இறங்கும்போது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் மட்டுமே உள்ள வண்டியை டிரைவரின் கைப்பக்குவம்தான் காப்பாற்றியது. சமவெளியில் நாற்பது, ஐம்பதில் மேலூருக்குப் போகிறவரை எல்லாம் சரி. திண்டுக்கல் சாலையும் திருநெல்வேலி சாலையும் நான்கு வழியாகி, நூறு கிலோமீட்டர் வேகம் சாதாரணமானபோது அந்த வண்டியின் குறை அம்மணமாகத் தெரிந்தது.

இனி "கொன்னது யார்?" டாக்டரும் வக்கீலும் துணிக்கடை முதலாளியும் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்குத் தாவினார்கள் என்பது உண்மை. மாருதியின் கூட்டாளி சுசுகி ஜப்பான்காரன் என்பதும் உண்மை. ஆனால் மதுரையில் அம்பாசிடரின் உயிர் வாடகைத் தொழிலில் இருந்தது: ராமேஸ்வரம், பழனி, அழகர்கோவில், சபரிமலை சீசன். அந்தத் தொழிலில் முதல் அடி கொடுத்தது 1994-இல் வந்த டாடா சுமோ. புனேயில் செய்த இந்திய வண்டி! ஜப்பானிய டொயோட்டாவின் குவாலிஸ் 2000-இல்தான் வந்தது, இன்னோவா 2005-இல். எட்டுப் பேரைச் சட்டப்படியே, தனித்தனி இருக்கையில், கூரை கேரியரில் மூட்டையோடு ஏற்றிச் செல்லும் வண்டி வந்தபிறகு மடியில் பிள்ளை வைத்துக்கொண்டு எவர் போவார்? வாடகைக்காரரும் கைவிட்டபின் மிஞ்சியது அரசு அலுவலகம். 1980-களின் நடுவில் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல் விற்ற கார், 2013-14-இல் சுமார் 2,200-க்கு வந்து நின்றது. 2014 மே மாதம் உத்தர்பாரா மூடப்பட்டது. அம்பாசிடர் என்ற பெயரை 2017-இல் பியூஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

ஆஸ்திரேலியாவை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். அங்கே 2016-இல் போர்டு பால்கனும், 2017-இல் ஹோல்டன் கமடோரும் நின்றபோது, தங்கள் சாலைக்கும் தூரத்துக்கும் ஏற்றபடி தாங்களே பெரிய குடும்பக் காரை வடிவமைக்கத் தெரிந்த ஒரு நாடு அந்தத் திறமைக்கான தொழிற்சாலைகளை இழந்தது. அது அழவேண்டிய இழப்பு. அம்பாசிடர் போனபோது நாம் அப்படி ஒரு திறமையை இழக்கவில்லை, அந்தக் கம்பெனியிடம் இருந்தால்தானே இழப்பதற்கு? திறமை அதற்குச் சற்று முன்பே வேறொரு கம்பெனியிடம் வந்திருந்தது, அதுவும் தமிழ்நாட்டிலேயே. மஹிந்திராவின் ஏழு பேர் அமரும் எக்ஸ்யூவி 500, செங்கல்பட்டுப் பக்கத்து ஆராய்ச்சி மையத்தில் உருவாகி 2011-இல் வெளிவந்தது.

ஆகவே என் தீர்ப்பு: அம்பாசிடரை யாரும் கொல்லவில்லை. போட்டியில்லாத காலத்தில் கற்றுக்கொள்ளாமல் இருந்து, போட்டி வந்ததும் படுத்துவிட்டது. பட்டறைக்காரரின் பிழைப்பு தவிர, அதில் துக்கம் கொண்டாட ஒன்றுமில்லை.

கோபப்படக் காரணம் வேண்டுமென்றால் அது இன்றைய வரிப் பட்டியலில் இருக்கிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய என்ஜின் காருக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. குடும்பம் பெரிதா சிறிதா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை, டேப்பை வைத்து அளக்கிறது. அதனால்தான் ஒரகடத்தில் தயாராகும் ரெனோ டிரைபர் ஏழு இருக்கைகளை 3.99 மீட்டருக்குள் திணிக்கிறது. மூன்றாம் வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் மிஞ்சும் டிக்கி 84 லிட்டர். பழனிக்குப் போகிற குடும்பம் அதில் முடியிறக்கப் போகிற பிள்ளையின் துணிப்பையை வைக்கலாம். பஞ்சாமிர்த டப்பாக்களை மடியில்தான் வைத்துக்கொண்டு வர வேண்டும்.