முதல் குறுக்குவில்: பெட்டியில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வில்வேட்டைப் பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி முதல் வாரம் வரை நீள்கிறது. சாதா வில்லுக்கும் குறுக்குவில்லுக்கும் அங்கே ஒரே பருவம்தான். ஆகஸ்ட் பிறந்தாலே வேட்டைச் சாமான் கடைகளில் குறுக்குவில் அடுக்கின் முன்னால் ஆட்கள் நிற்கத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் கொட்டை எழுத்தில் ஓர் எண்: 370, 400, 420, 450. அம்பு நொடிக்கு எத்தனை அடி பாயும் என்ற கணக்கு அது. வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான், விற்பவர் முதலில் காட்டுவதும் அதைத்தான். கொலம்பஸ் பக்கம் ஒரு பயிற்சித் திடலில் மூன்று வகைக் குறுக்குவில்களை மாற்றி மாற்றி எய்து பார்த்தேன். கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அது என்பதே என் முடிவு.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே சொல்வதெல்லாம் வட அமெரிக்காவில் பயிற்சி முடித்து, உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு.

வெள்ளைவால் மானை வீழ்த்த அசுர வேகம் தேவையில்லை. மான் அளவு விலங்குக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு ஆற்றல் போதும் என்கிறது அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை. 26 கிராம் அம்பு நொடிக்கு 300 அடி வேகத்தில் போனாலே 80 அடி-பவுண்டு கிடைத்துவிடும். ஆக, கடையில் இருப்பதிலேயே மலிவான வில்லும் தேவைக்கு மேல்தான் அடிக்கும்.

வேகம் கூடினால் மானுக்குச் சுதாரிக்க நேரம் இருக்காதே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 கஜத்தில் நிற்கும் மானின் காதுக்கு நாண் அதிரும் ஓசை 107 மில்லிநொடியில் போய்விடும். காற்றின் தடையை விட்டுவிட்டாலும், 370 அடி வேக அம்பு போய்ச்சேர 324 மில்லிநொடி ஆகும். 420 அடி வேக அம்புக்கு 286. மிரண்ட மான் பாய்வதற்கு முன் கால்களை மடக்கி உடம்பைச் சட்டெனத் தாழ்த்தும். நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு அந்த நேரத்தில் முதுகுக்கு மேலே போகும், அல்லது முதுகுச் சதையில் தைத்து, காயத்தோடு மான் காட்டுக்குள் ஓடிவிடும். 50 அடி கூடுதல் வேகத்துக்காக நூற்றுக்கணக்கில் டாலர் கொடுத்து நாம் வாங்குவது 38 மில்லிநொடியை. அதே மானை 20 கஜத்துக்கு வரவிட்டால், ஓசை கேட்டதற்கும் அம்பு சேர்வதற்கும் நடுவே உள்ள அவகாசம் பாதியாகக் குறைகிறது. அதற்குச் செலவு பொறுமை மட்டுமே.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? நாண் ஏற்றும் விதத்தைத்தான். கடையில் அந்த வேலையை விற்பவரே செய்து கொடுத்துவிடுவதால் யாரும் யோசிப்பதில்லை. வில்லின் மூக்கில் உள்ள வளையத்தைத் தரையில் ஊன்றி அதற்குள் காலை வைக்க வேண்டும். இரண்டு கொக்கி கட்டிய கயிற்றைக் கட்டையின் பின்பக்கம் சுற்றி, அம்பு ஓடும் தடத்தின் இருபுறமும் நாணில் மாட்டி, இரண்டு கைகளாலும் ஒரே சீராக, ‘கிளிக்’ என்று விசை பூட்டும்வரை மேலே இழுக்க வேண்டும். கயிறு பாரத்தைப் பாதியாக்கும். 185 பவுண்டு வில் என்றால் கைக்கு வருவது சுமார் 92 பவுண்டு. வலது கை அரைக்கால் அங்குலம் கூடுதலாக இழுத்துவிட்டால் நாண் கோணலாகப் பூட்டும், எய்கிற அம்பு பக்கவாட்டில் விலகும். அதற்காகவே பழகியவர்கள் நாணில் தடத்தின் இரு ஓரங்களிலும் மார்க்கரால் கோடு போட்டு வைக்கிறார்கள். இழுத்தபின் இரண்டு கோடுகளும் தடத்தின் ஓரத்தை ஒட்டி நிற்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

திடலில் வெயிலில் நின்று இழுப்பது வேறு, டிசம்பர் விடியலில் தடித்த கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு இழுப்பது வேறு. முதுகுவலியோ தோள்வலியோ உள்ளவர்கள் கையால் சுழற்றும் கிராங்க் உள்ள வில்லைத்தான் பார்க்க வேண்டும். அதில் ஒரு குழந்தையும் நாண் ஏற்றிவிடலாம் (ஏற்ற விடக்கூடாது என்பது வேறு விஷயம்).

நான் எய்ததில் மலிவானது சென்டர்பாயின்ட் ஸ்னைப்பர் 370. கப்பி வைத்த வகை, 185 பவுண்டு இழுப்பு. ஸ்கோப், அம்புக்கூடு, மூன்று அம்பு, கயிறு எல்லாம் பெட்டியிலேயே வரும். 300, 400 டாலர் வட்டாரத்தில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. 20, 30 கஜத்தில் அம்புகள் உள்ளங்கை அளவு இடத்துக்குள் விழுந்தன. முன்பாரம் மட்டும் கையை இழுக்கிறது. முட்டுக்கட்டை இல்லாமல் நின்றபடி குறிபார்த்தால் ஆடுகிறது.

அடுத்தது கனடாவின் எக்ஸ்காலிபர். கப்பி கிடையாது, கம்பி கிடையாது, பழைய பாணியில் வளைந்த வில். நாண் அறுந்தால் காட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். கப்பி வில்லை அதற்காகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் நாண் ஓடும் தூரம் குறைவு என்பதால் இழுப்புப் பாரம் 250 பவுண்டைத் தாண்டும், அகலமும் அதிகம், அடிக்கும் ஓசையும் அதிகம். எந்திரம் எவ்வளவுக்கு எளிமையோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிற என்னைப் போன்றவர்களுக்குப் பிடிக்கும்.

ரேவின் ஆர்10 வேறு உலகம். நாண் ஏற்றியபின் இரு கப்பிகளின் அச்சுகளுக்கும் இடையே 6.5 அங்குலம்தான். மரப்பரணில் கிளைகளுக்கு நடுவே இதைத் திருப்புகிற சுகமே தனி. கிராங்கைச் சுழற்ற 12 பவுண்டு விசை போதும், அதே கிராங்கால் நாணை இறக்கவும் முடியும். இந்த இறக்கும் வசதியை நான் வேகத்தைவிட உயர்வாக மதிக்கிறேன். சாயங்காலம் மான் வராமல் வீடு திரும்பும்போது, நாண் ஏற்றிய வில்லை வண்டியில் வைக்கவும் முடியாது, சும்மா விசையைத் தட்டவும் முடியாது. இந்த வசதி இல்லாத வில்களுக்கு ஒரு பழைய அம்பை மண்ணிலோ பயிற்சி மூட்டையிலோ எய்துதான் இறக்க வேண்டும். ஆனால் ரேவினுக்கு அதன் சொந்த அம்பே வேண்டும், விலையும் ஆயிரம் டாலருக்கு மேல். முதல் வில்லுக்கு அவ்வளவு செலவு அவசியமில்லை.

அம்பு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அம்பின் வாலில் நாண் பொருந்தும் இடம் தட்டையாக, பிறைவடிவில், கவ்வும் வடிவில் என்று பல மாதிரியில் வருகிறது. உங்கள் வில்லுக்கு எது என்று கையேடு சொல்கிறதோ அதுதான் வேண்டும். மாற்றிப் போட்டால் நாண் அம்பின் அடியிலோ மேலாகவோ நழுவிவிடும். அம்பில்லாமல் எய்ததற்குச் சமம். அத்தனை ஆற்றலும் வில்லின் கைகளுக்கே திரும்பும், அவை சிதறவும் செய்யும். வெற்று எய்தலைத் தடுக்கும் பூட்டு இப்போது பெரும்பாலான வில்களில் உண்டு. உண்டா என்று கேட்டு வாங்குங்கள். இடதுகைக் கட்டைவிரல் தடத்துக்கு மேலே ஏறாதபடி அகலமான தடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நாண் விரலுக்காக நிற்காது.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒஹாயோவில் குறைந்தது 75 பவுண்டு இழுப்பு இருந்தால் போதும், பக்கத்துப் பென்சில்வேனியாவில் 125. ஓரிகனில் குறுக்குவில் வேட்டையே கூடாது.

என் தேர்வு: 400 முதல் 700 டாலருக்குள், கிராங்க் பொருத்தக்கூடிய கப்பி வில். ஸ்கோப்பை 20 கஜத்துக்கு அமைத்துவிட்டு, வேட்டைக்கு வைத்திருக்கும் அதே கூர்முனையைப் போட்டு 30 கஜம்வரை எய்து பழகுங்கள். பயிற்சி முனையும் கூர்முனையும் எப்போதும் ஒரே இடத்தில் விழுவதில்லை. தடத்துக்கான எண்ணெயும் நாணுக்கான மெழுகும் சில டாலர்தான். மிச்சம் பிடித்த காசில் பரணில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டை ஒன்று வாங்கிவிடுங்கள். ஏறியபின் வில்லைக் கயிறு கட்டி மேலே இழுங்கள், அப்போது அதில் அம்பு இருக்கக் கூடாது.