அறுபதும் ஐம்பதும்

2022 டிசம்பர் 9 அன்று பாக்கு நீரிணையின் இரு பக்கமும் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மாண்டஸ் புயல் மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை. இலங்கையிலோ அதே நாளில் வங்கக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த மாசுக் காற்றுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டன. யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை வானம் மங்கிக் கிடந்தது. பிள்ளைகளின் நுரையீரலைக் காக்க மூடியது சரியே. ஆனால் காற்றைப் பற்றிக் கற்பிக்க அதைவிட நல்ல தருணம் வாய்க்காது. பாடசாலை திறந்ததும் முதல் பாடம் அதுவாக இருந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் சுற்றுச்சூழல் கல்வி நீதிமன்றத்தின் வழியாக வலுப்பெற்றது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கச் சொன்னது. இலங்கையில் தொடக்க வகுப்புகளிலேயே ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ ஒரு பாடம். மேல் வகுப்புகளில் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் ‘சுற்றாடல் முன்னோடி’ திட்டம் பிள்ளைகளுக்குச் செயல்களைக் கொடுத்துப் பதக்கமும் சூட்டுகிறது. பிள்ளையை வகுப்புக்கு வெளியே கொண்டுவரும் இந்த முறையே எனக்கு உயர்வாகத் தெரிகிறது. இந்தியப் பள்ளிகளிலும் தேசியப் பசுமைப் படை இருக்கிறது என்பதால், வேறுபாட்டைப் பெரிதாக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் ‘காற்று மாசு’, இலங்கையில் ‘வளி மாசடைதல்’; தேர்வு கேட்பது இரண்டிலும் வாயுக்களின் பெயர்களையும் தீமைகளையும்தான். அளவுகளை வாசிக்கப் பழக்குவதில்தான் குறை. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளுக்கு இந்தியா வைத்திருக்கும் 24 மணிநேர வரம்பு, ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். இலங்கையின் வரம்பு 50. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. அளவு 55 ஆக இருக்கும் நாளில் சென்னைக் காற்று வரம்புக்குள், யாழ்ப்பாணக் காற்று வரம்புக்கு வெளியே! ஏன் இப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால், அறிவியலோடு அரசியலும் பொருளாதாரமும் பாடமாகிவிடும்.

கருவிக்குப் பணம் எங்கே என்பார்கள். வெள்ளைத் தாளில் வாசலின் தடவிச் சாலையோரத்தில் ஒன்றும் தோட்டத்தில் ஒன்றும் வைத்தால், ஒரு வாரத்தில் படியும் தூசியே ஒப்பீட்டைக் காட்டிவிடும். நுண்துகளை அது அளக்காதுதான். அதற்கு அரசு நிலையங்களின் அளவுகள் இருக்கின்றன. பிள்ளைகள் பயந்துபோவார்கள் என்பது கனமான எதிர்ப்பு. எதுவும் செய்ய இயலாதபோதுதான் பயம் பெருகும். செய்யக்கூடியது கண்முன்னே உண்டு. 2022இல் எரிவாயு கிடைக்காமல் இலங்கை வீடுகள் பல விறகடுப்புக்குத் திரும்பின. புகையின் அளவு அறிந்த பிள்ளை, அடுப்பைக் கொல்லைப்புறம் மாற்றலாம், சன்னலைத் திறக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லும். தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பழையன கொளுத்தும் போகிக்கு முன்னும் போகியன்றும் சென்னைக் காற்றை அளந்து வெளியிடுகிறது. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் காலையில் அந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதலாம். தெருவில் யார் டயர் கொளுத்தினார்கள் என்பது பிள்ளைகளுக்கே தெரியும்.