கடல்மீன் தொட்டி: கைநூல்கள் விட்டுவிட்ட கணக்கு

கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பது இன்று அவ்வளவு அரிய பொழுதுபோக்கு அல்ல. உப்பு, பம்ப், விளக்கு எல்லாம் கடைகளில் கிடைக்கின்றன. வழிகாட்டும் சிறு கைநூல்களும் கிடைக்கின்றன. அத்தகைய நூல்கள் சிலவற்றை அண்மையில் சேர்த்து வைத்துப் படித்தேன். மீன்களைத் தேர்ந்தெடுப்பது, தீனியை அளவோடு போடுவது போன்றவற்றில் அவை நல்ல துணை. புதுத் தொட்டியில் நீர் நிரப்பிய நாளிலிருந்து மீன் விடும் நாள் வரையுள்ள பகுதியில்தான் குறை. அப்பகுதி எல்லா நூல்களிலும் ஏறக்குறைய ஒரே வாசகமாக இருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது போலும்.

அதன் சாரம் இதுதான்: உப்பைக் கரைத்து நிரப்புங்கள், வடிகட்டியை ஓட விடுங்கள், தாக்குப்பிடிக்கும் இனமான டாம்செல் மீன் இரண்டு மூன்றை விடுங்கள், நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருங்கள், தொட்டி பக்குவமடையும். எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்காக இதை வரி பிசகாமல் செய்து பார்த்தேன். ஒன்பதாம் நாளுக்குள் மூன்று நீல மீன்களும் செத்து மிதந்தன. "மீன் சாகுதா இல்லையான்னு பார்க்கிறதுதான் டெஸ்டா, சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். அதற்குக் கைநூலில் விடை இல்லை.

நடப்பது என்ன? மீன் வெளியேற்றும் கழிவில் முக்கியமானது அம்மோனியா. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை போதிய அளவில் இல்லை. ஆகவே அம்மோனியா தேங்குகிறது. நீரில் அது இரு வடிவங்களில் இருக்கும்: அதிகத் தீங்கற்ற அம்மோனியம் அயனி ஒன்று, செவுள் வழியே எளிதில் புகும் அம்மோனியா மூலக்கூறு மற்றொன்று. இரண்டின் விகிதத்தை நிர்ணயிப்பது முக்கியமாக நீரின் பி.எச். எண். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நன்னீரில் நூற்றில் அரைப் பங்குதான் நச்சு வடிவம். பி.எச். 8.2 உள்ள கடல்நீரிலோ அது சுமார் 7 சதவீதம். அதாவது, நன்னீர் மீன் தாங்கும் அதே அளவு கழிவு கடல்நீர்த் தொட்டியில் பத்து மடங்குக்கு மேல் கொடியதாகிறது. நன்னீருக்கு எழுதிய அறிவுரையை உப்பு மட்டும் சேர்த்துக் கடலுக்கும் பொருத்தியதன் விளைவு இது.

நைட்ரைட் விஷயத்தில் இதற்கு நேர்மாறான தவறு. நன்னீர் மீன்களுக்கு நைட்ரைட் பெருங்கேடு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு உண்டு; அது செவுளில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு அதன் நுழைவைப் பெரிதும் தடுக்கிறது. எனவே இங்கு நைட்ரைட்டை அளப்பது இரண்டாவது வகை நுண்ணுயிர் வேலையைத் தொடங்கிவிட்டதா என்று அறியத்தான். கைநூல்கள் இரண்டு நச்சுகளுக்கும் ஒரே அபாய எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு நகர்கின்றன.

நுண்ணுயிர்களின் பெயரிலும் இதே கதைதான். வினோகிராட்ஸ்கி 1890-இல் மண்ணிலிருந்து இவ்வகை உயிர்களைப் பிரித்தெடுத்தார். ஸ்டீஃபன் ஸ்பாட் 1970-இல் எழுதிய நீர்ப் பராமரிப்பு நூல் இந்த அறிவை மீன்தொட்டிக்குக் கொண்டு வந்தது. அது பெரிய தொண்டு. அன்று அறிந்திருந்த நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரு பெயர்களையும் கைநூல்கள் பிடித்துக்கொண்டன. பிறகு விடவே இல்லை. 1990-களின் இறுதியில் ஹோவானெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரோபாக்டரைத் தேடிக் காணாமல், நைட்ராஸ்பைரா இனமே நைட்ரைட் வேலையைச் செய்வதைக் காட்டினர். 2005-இல் வந்த செய்தி இன்னும் சுவையானது. அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடல் காட்சியகத்தில், வெப்பக் கடல் மீன் தொட்டி ஒன்றின் கூழாங்கற்களிலிருந்து அம்மோனியாவை உண்டு வாழும் ஓர் உயிரைப் பிரித்தெடுத்தார்கள். அது பாக்டீரியாவே அல்ல. ஆர்க்கியா என்னும் தனிப் பெரும்பிரிவைச் சேர்ந்தது. நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்று பெயரிட்டார்கள். உலகக் கடல்களில் ஏராளமாக உள்ள ஒரு கூட்டத்தின் உறுப்பினர் முதன்முதலில் பிடிபட்டது ஒரு மீன்தொட்டியில்! இதைச் சொல்ல ஒரு பத்தி போதும். நான் பார்த்த நூல்களில் ஒரு வரிகூட இல்லை.

பெயரைக்கூட மன்னிக்கலாம், நாட்கணக்கை மன்னிக்க முடியாது. இவ்வுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பத்து லட்சமாக 20 முறை இரட்டிக்க வேண்டும், 20 நாள். பழகிய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் போட்டு, ஆயிரம் மடங்கு அதிகமாகத் தொடங்கினால் பத்து இரட்டிப்புகள் மிச்சம். பத்து நாள் குறையும். நீர் குளிர்ந்திருந்தால் நாள் கூடும். ஆகவே ஆறு வாரம் என்பது ஒரு தொட்டிக்கு வீண் காத்திருப்பு, வேறொன்றுக்குப் போதாத காலம். இந்தக் கணக்குப் பள்ளி மாணவருக்கே எட்டும். அதை விட்டுவிட்டு நாட்காட்டியைக் காட்டுவது ஏன்?

அளந்து அறிவதே முறை. மீனுக்குப் பதிலாக, ஆய்வகத் தரமுள்ள அம்மோனியம் குளோரைடை, அதாவது நவச்சாரத்தை, 100 லிட்டருக்கு சுமார் 0.6 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். அது தீரத் தீர மீண்டும் இடலாம். இட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கினால் தொட்டி தயார். அதன்பின் தேங்கிய நைட்ரேட்டைக் குறைக்க நீரில் பெரும்பகுதியை மாற்ற வேண்டும். ஏனெனில் "சுழற்சி" என்று படம் போட்டாலும் சாதாரணத் தொட்டியில் அது பெரும்பாலும் நைட்ரேட்டோடு நின்றுபோகும் ஒருவழிப் பாதை. எங்கள் இரண்டாவது தொட்டிக்கு இம்முறையில் 31 நாள் பிடித்தது. ஒரு மீனும் சாகவில்லை.

இயற்பியல்காரன் என்ற முறையில் ஒரு சிறு குறை. உப்பின் அளவுக்கு ஒப்படர்த்தி எண் ஒன்றைத் தந்துவிட்டு, ஹைட்ரோமீட்டர் எந்த வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது என்று இவை கூறுவதில்லை. கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள 25 டிகிரி நீரை, அதே வெப்பநிலை நீரோடு ஒப்பிட்டால் 1.026, 15.6 டிகிரி நீரோடு ஒப்பிட்டால் 1.024. வேறுபாடு சிறியதாகத் தோன்றும். ஆனால் உப்புக் கணக்கில் அது கிலோவுக்கு இரண்டரை கிராமுக்கு மேல்.

இன்னொன்று சட்டத்தைத் தொடுவது. "கடலிலிருந்து உயிருள்ள பாறையைக் கொண்டுவந்து வையுங்கள், தொட்டி விரைவில் பக்குவமாகும்" என்று அயல்நாட்டு நூல்களிலிருந்து ஒரு யோசனையை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். யோசனை அறிவியல்படி சரி. ஆனால் நம் நாட்டில் 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலோ வேறெங்குமோ அவற்றைப் பெயர்த்தெடுப்பது குற்றம். இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் வாழும் இளைஞர் இதைப் படித்துவிட்டு ஒரு சாக்கோடு கடலில் இறங்கினால் பொறுப்பு யாருடையது? சுட்ட மண் வளையங்களும் கழுவிய மணலும் அந்த வேலையைச் செய்யும். சில நாட்கள் கூடுதலாகும், அவ்வளவுதான்.