பிறமொழியில் ஆக்கம்: மட்டக்களப்பிலிருந்து ஒரு நோக்கு

சுவாமி விபுலாநந்தர் 1940ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்திலிருந்து 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில மாசிகையை நடத்திவந்தார். காரைதீவில் 1892இல் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் கிறிஸ்தவ மிஷனரிமார் நடத்திய பாடசாலைகளிற் பயின்று, பின்னர் லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவராதலால், ஆங்கிலத்தில் வேதாந்த விசாரம் செய்வது அவருக்கு இயல்பாகவே கைவந்தது. ஆயினும், உயிரனைய நண்பரொருவர் மறைந்த துயரைச் சொல்ல நேர்ந்தபோது அவர் ஆங்கிலத்தை நாடவில்லை. 'கங்கையில் விடுத்த ஓலை' தமிழ்ச் செய்யுளாகவே பிறந்தது. இதனைக் கண்டு, அயல்மொழியில் சாஸ்திரம் எழுதலாம், கவிதை எழுதலாகாது என்று முடிவுகட்டிவிடுவோர் உளர். அம்முடிவு அவசரமானது என்பதே என் அபிப்பிராயம்.

அம்முடிவுக்கு அனுகூலமான சாக்ஷியங்கள் இல்லாமலில்லை. மைக்கேல் மதுசூதன தத்தர் சென்னையில் வசித்தபோது 1849இல் தம் ஆங்கிலக் காவியத்தை வெளியிட்டார். அதனை இன்று படிப்பார் அரியர். பின்னர் அவர் வங்காளத்துக்குத் திரும்பி, 1861இல் வெளியிட்ட 'மேகநாதவத காவிய'மே அவரை மகாகவியாக்கியது. இக்கதையைச் சொல்லித் தாய்மொழியின் மகிமையை நிலைநாட்டுவது மேடைப் பேச்சாளருக்கு எளிது. ஆனால் தமிழராகிய நாம் இக்கதையோடு நின்றுவிட இயலாது. ஏனெனில், இத்தாலிய நாட்டவரொருவர் நம் மொழியிலே காப்பியம் பாடிச் சென்றிருக்கிறார்.

வீரமாமுனிவர் தமிழ்நாட்டுக்கு வந்தபோது முப்பது வயதை அடைந்தவர். மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் மூவாயிரத்தறுநூற்றுக்கு மேற்பட்ட விருத்தமும் கொண்ட 'தேம்பாவணி'யை 1726இல் முடித்த அவரது பாஷா ஞானத்தை வியப்பது ஒருபுறமிருக்க, நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று. யூதேய நாட்டு சூசையப்பரின் சரிதத்தைப் பாடப் புகுந்தவர், தமிழ்க் காப்பிய மரபின்படி நாட்டுப்படலத்தையும் நகரப்படலத்தையும் முதலில் வைத்து, அந்நாட்டை மருத வளம் கொழிக்கும் பூமியாகவே காட்டுகின்றார். ஐரோப்பியருக்குத் தமிழரைப் பற்றி விளக்குவது அவரது நோக்கமாக இருக்கவில்லை. கம்பனைக் கேட்டுப் பழகிய செவிக்கே அவர் பாடினார். அந்தச் செவிக்கு எது இன்பம், எது துன்பம், எது நகை என்பதை அம்மக்களிடையே வாழ்ந்து அறிந்துகொண்டார். கன்னடத்து மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டிலே தமிழ் பேசியவர். கன்னடருக்காகக் கன்னடத்திலே கதை எழுதினார். 1983ஆம் ஆண்டின் ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தபோது அவரை அயலவர் என்று கன்னடர் எவரும் கருதியிருப்பர் எனத் தோன்றவில்லை.

ஆகவே, எந்த மொழியில் பிறந்தான் என்பதினும், எவரை முன்னிலைப்படுத்தி எழுதுகிறான் என்பதே ஆக்கத்தின் ஜீவனை நிர்ணயிப்பது என்று கொள்வேன். விபுலாநந்தரின் ஓலையை இந்தக் கண்கொண்டு நோக்கினால், ஆங்கிலம் அவரது துயரைத் தாங்க வலியற்றதாயிருந்தது என்று கூறவேண்டிய அவசியமில்லை. அந்த நட்பு தமிழிலே வளர்ந்தது. அந்த இழப்பை உணரக்கூடியவர்களும் தமிழறிந்தவர்களே. எதிர்த்திசையிலும் அவர் செய்த பிரயத்தனம் சிறிதன்று. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்தி நோக்கிய 'மதங்க சூளாமணி'யிலும், 'ஆங்கிலவாணி' என்னும் கட்டுரையிலும், ஆங்கிலக் கவிகளைத் தமிழ் யாப்பிலே பேசவைத்தார். இருமொழியிலும் திளைத்த அவர், எந்தச் சொல்லை யாருக்குச் சொல்வது என்பதை நன்கறிந்திருந்தார்.

ஈழத்துத் தமிழர் ஆங்கிலத்தில் எழுதியவற்றை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பது பயனுடைத்து. அழகு சுப்பிரமணியம் லண்டனிலிருந்து ஈழத்தமிழர் வாழ்வைக் கதைகளாக்கினார். தம்பிமுத்து 1939இல் அதே நகரில் கவிதைச் சஞ்சிகையொன்றைத் தொடங்கி ஆங்கிலக் கவிஞர் பலருக்கு மேடை அமைத்தார். அந்நியருக்கு நம் வழக்கங்களை விளக்கும் பொருட்டு ஆசிரியர் கதையை நிறுத்திக்கொள்ளும் இடமெல்லாம் ஆக்கம் சோர்ந்து, பிரயாண நூலின் குறிப்பாகிவிடுகிறது என்பது இவ்வகை எழுத்தைப் படித்ததில் நான் கண்ட உண்மை. கண்டியில் பிறந்த ஒல்லாந்தப் பறங்கியராகிய ஜீன் அரசநாயகத்தின் நிலை வேறு. ஆங்கிலமே அவரது வீட்டுமொழி. தமிழ்க் குடும்பத்தில் மணம்புரிந்து, 1983ஆம் ஆண்டின் வன்செயலை உள்ளிருந்து அனுபவித்தவர். அந்த அனுபவம் அவர் கவிதையில் நேராகவே ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியதால் அவர் அந்நியருக்காக எழுதினார் என்று எவர் சொல்லத் துணிவார்?

இன்றோ, யுத்தத்தால் சிதறிய குடும்பங்களின் பிள்ளைகள் தாம் படித்த நாட்டு மொழிகளிலெல்லாம் எழுதுகின்றனர். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த செந்தூரன் வரதராஜா தம் முதல் நாவலை 2016இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். கொழும்பில் வளர்ந்த அனுக் அருட்பிரகாசம் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டாவது நாவல் 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலை எட்டியது. மட்டக்களப்பின் எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் புறப்பட்டுப்போன குடும்பங்களிலும் இத்தகைய எழுத்துகள் தோன்றவே போகின்றன. மொழியைக் கைவிட்டனர் என்று இவர்களைப் பழிப்பது அநீதி. எழுத்தறிந்த மொழியில்தானே ஒருவன் எழுத முடியும்? வருந்த வேண்டியது நம் விமரிசகரின் மௌனத்தைக் குறித்தே. பிறமொழியில் வந்த இந்நூல்களைத் தமிழிலே மொழிபெயர்த்து, நம்முடைய அளவுகோலால் சீர்தூக்கி, நன்று தீது கூறும் பணி போதிய அளவு நடைபெறவில்லை. பரிசு கிடைத்த செய்தியைப் பிரசுரிப்பதோடு நம் பத்திரிகைகள் திருப்தியடைகின்றன.

இவ்விஷயத்தில் மட்டக்களப்புக்கென்றே உரிய சாக்ஷியம் ஒன்றுண்டு. அதனை இலக்கிய சரித்திரம் எழுதுவோர் திரும்பியும் பார்ப்பதில்லை. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டினர். 1638இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. கோட்டை போர்த்துக்கேயர் கையிலிருந்தது பத்தே ஆண்டுகள். அவர்களோடு வந்த பாஷையோ, இந்நாட்டு வாய்களிலே உருமாறி, நகரத்துப் பறங்கியர் சிலர் வீடுகளில் இன்றளவும் பேசப்படுகிறது. ஒரு காலத்தில் எவருக்கும் முழுத் தாய்மொழியாயிராத, வெவ்வேறு இனத்தார் தம்முள் பேசிக்கொள்ள உண்டாக்கிய பேச்சு அது. தலைமுறைகள் சென்றபின் குழந்தையைத் தாலாட்டும் மொழியாயிற்று. தமிழரிடையே வாழ்ந்து வாழ்ந்து, தமிழ் வாக்கியம்போல வினைச்சொல்லை இறுதியில் வைக்கவும் கற்றுக்கொண்டது. கல்யாண வீடுகளில் வயலின் இசைக்கக் கஃப்ரிஞ்ஞா ஆடும் அச்சமூகம், நான்கடிப் பாடல்களை ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடும் வழக்கமும் உடையது. இம்மாவட்டத்துத் தமிழரும் முஸ்லிம்களும் பாடும் நாட்டுக்கவிகளும் நான்கடியால் அமைந்து, காதலர் வாக்குவாதமாய் நடப்பதை அறிந்தவர்க்கு இந்த ஒற்றுமை ஆராயத் தக்கதாகத் தோன்றும். எது எதிலிருந்து வந்தது என்று விதிக்க நான் முற்படவில்லை. இருவகைப் பாடல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பாரைத் தேடுகிறேன்.

சிவில் உத்தியோகத்தராயிருந்த ஹியூ நெவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பறங்கியரின் இப்பாடல்களைத் திரட்டினார். அவரது கையெழுத்துப் பிரதிகள் இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சன் அவற்றை ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட டச்பார் பகுதியில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்கள் பலவற்றை வாரிச் சென்றது. பாட்டறிந்த முதியோரும் அருகிவருகின்றனர். அச்சமூகத்துப் பிள்ளைகள் இப்போது பாடசாலையில் தமிழே கற்கின்றனர். அவர்களுள் ஒருவர் நாளை தமிழில் கதை எழுதினால், நம் பாஷை அவருக்கு உரியதா என்று கேளாது ஏற்கும் பக்குவம் நமக்கு வேண்டும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் கல்லடியிலுள்ள விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், அப்பாடல்களைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து, தமிழுரையும் சேர்த்துப் பதிப்பிக்க முன்வர வேண்டும். பாடத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அப்பணி தொடங்கப்படவும் வேண்டும்.