நஞ்சுக்கொடியும் தெர்மாமீட்டரும்

தாயின் உடலில் புகுந்த விஷத்தை நஞ்சுக்கொடி தடுத்துச் சேயைக் காத்துவிடும் என்று 1950களின் மருத்துவம் நம்பியது. ஜப்பானின் மினமாட்டாவில் அந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கியவர்களில் முக்கியமானவர் குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவர் ஹராதா மசசுமி. மீனே தின்றிராத குழந்தைகளிடமும் அங்கே பாதரச நோயின் அறிகுறிகள் இருந்தன. தான் தின்ற மீனின் விஷம் பிள்ளைக்குப் போயிருக்கிறது என்று ஒரு தாய் சொன்னார். பாடநூல் சொல்லாததைச் சொன்ன அவருக்கு ஹராதா காதுகொடுத்தார். பிறப்பின் நினைவாக வீடுகளில் காயவைத்துப் பாதுகாத்திருந்த தொப்புள்கொடிகளில் பின்னாளில் பாதரசம் கண்டறியப்பட்டது. பெண்கள் வீட்டில் எடுத்துவைத்திருந்த பொருளே அறிவியலின் சாட்சியானது.

ஹராதாவின் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொடைக்கானலைப் படிக்கிறேன். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் இங்கே கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமானது. பாம்பார் சோலைக்கு மேலே அது இயங்கியது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, சுமார் 7.4 டன், வெளிச்சத்துக்கு வந்தது. மக்கள் திரண்டார்கள், ஆலை மூடப்பட்டது.

இந்த வழக்கின் மையத்தில் நின்ற சொல் 'தொழிலாளி'. எத்தனை ஆண்டு வேலை செய்தார், எந்தப் பிரிவில், சிறுநீரில் பாதரசம் எவ்வளவு? கேள்விகள் ஆலை வாசலோடு நின்றன. ஆனால் பாதரசத்துக்கு வாசல் கிடையாது. அறை வெப்பத்திலேயே ஆவியாகும். ஆடையில், காலணியில் ஒட்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளிடம் பாதரசம் மிகுதியாக இருந்ததைக் காட்டும் ஆய்வு 1987இல் வெளியானது. கொடைக்கானல் ஆலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அப்படியென்றால் வேலைத் துணியைத் துவைத்தவள் யார், அப்போது அவள் எத்தனை மாத கர்ப்பிணி என்ற கேள்விகளை அன்றே கேட்டிருக்க முடியும்.

இப்போது கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. இரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம் சில மாதங்களில் குறைந்துவிடும். ஆண்டுகள் கழித்து எடுக்கும் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அந்தச் சுத்தமான அறிக்கை பாதிப்பே இல்லை என்பதற்கு ஆதாரமாக நீட்டப்படுகிறது. கலைந்த கருவோ ஆய்வகத்தில் பதிவாகவில்லை, பெண்ணின் நினைவில்தான் இருக்கிறது. நினைவை மட்டும் வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கே அளக்காமல் விட்டவர்கள் இன்று அளவைக் காட்டு என்று பெண்ணிடம் கேட்பது நியாயமில்லை.

2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகக் குழு, தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்களின் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் இருப்பதாகச் சொன்னது. நிறுவனம் பாதிப்பை மறுத்தது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்கள் சார்ந்த உடன்பாடு 'மனிதாபிமானம்' என்ற பெயரில் வந்தது. உரிமை, கருணையாக மொழிபெயர்க்கப்பட்டது.

அமைச்சகக் குழுவின் அந்த வாசகத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். தொழிலாளி இருக்கிறார், பிள்ளை இருக்கிறது. இருவருக்கும் நடுவில் இருந்தவள் எங்கே? 'தாய்-சேய் நலம்' என்ற நம் பொதுச் சுகாதாரச் சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. அந்தச் சொல்லில் பெண், சேய்க்குப் போகும் வழியாகத்தான் வருகிறாள். மினமாட்டாவில்கூடத் தாயின் விஷத்தை உறிஞ்சிக்கொண்ட பிள்ளையைக் குடும்பத்தின் பொக்கிஷம் என்று போற்றினார்கள். நெகிழ்ச்சியான பேச்சுதான். ஆனால் அந்த நெகிழ்ச்சியில் தாயின் கைநடுக்கமும் மரத்துப்போன விரலும் மறைந்துவிடுகின்றன. பாதரசம் கருவை மட்டுமா தொடுகிறது? நரம்பையும் சிறுநீரகத்தையும் அல்லவா தாக்குகிறது! பிள்ளையே பெறாத பெண்ணுக்கும் அவை இரண்டும் உண்டு.

ஆகவே, மலையில் இனி நடக்கும் எந்த ஆய்வையும் நான் இரண்டு கேள்விகளால் அளப்பேன். துணி துவைத்தவளை அது பட்டியலில் சேர்த்ததா? சேர்த்ததென்றால், அவள் வயிற்றைத் தாண்டியும் அவளிடம் நலம் விசாரித்ததா?