நெபர்டீட்டியும் உரிமைப் பொறிப்பும்

எகிப்திய அரசி நெபர்டீட்டியின் மார்பளவுச் சிலை ஏறத்தாழ 3,300 ஆண்டுப் பழமையது. சிற்பி தட்மோசின் பட்டறை இடிபாட்டில் 1912-இல் கண்டெடுக்கப்பெற்று, இன்று பெர்லினில் உள்ளது. அச்சிலையை ஒளிக்கருவியால் அளந்து ஆக்கிய முப்பரிமாணக் கணினிப் படியை அருங்காட்சியகத்தார் வெளியிடாது வைத்திருந்தனர். காஸ்மோ வென்மன் என்னும் அமெரிக்கக் கலைஞர் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைக் காட்டி ஏறத்தாழ மூன்றாண்டுகள் போராடி, 2019-இல் அதனைப் பெற்றார். பெற்ற படியின் அடியிலோ, பெயர் குறித்தல் வேண்டும், வாணிகத்துக்கு ஆகாது என்னும் உரிமக்குறி! மூலச்சிலையில் ஓர் எழுத்தும் இல்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஏடு பெயர்த்தெழுதுவோன் எத்துணைக் கருத்தாக எழுதினும் நூலாசிரியன் ஆகான். மூலத்தினின்று மயிரிழையும் விலகாமையே அளவுக்கருவியின் சிறப்பு. அதில் புதுமை புகின் அது பிழையாம். பிழையின்மையைப் படைப்பென்பது எங்ஙனம்? செலவு மிகுதி என்பர். செலவுக்கு விலை கேட்கட்டும். ஆசிரியர் உரிமை கேட்டல் முறையன்று. அவ்வுரிமக்குறியை மதித்தால், பாடநூலில் அப்படியை அச்சிட்டு விற்கவும் வழியில்லை.

காப்புக்காலம் கடந்த கட்புலக் கலைப்பொருளின் வெறும் படிக்குப் புத்துரிமை இல்லை என ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் நெறி வகுத்தது. செருமனி 2021-இல் அதனைத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது.